அக்காவின் பதினேழு சரணம்

பெட்டியில் விளக்கே எரியவில்லை. இருதயநாதன் அதைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், கடைசியில் வாயால் ஊதியும் பார்த்தார்.

"ஊதுறதுக்கு அது என்ன அடுப்பாப்பா? குடுங்க இப்படி," என்று பிடுங்கினான் மகன் டோனி.

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று அதற்குப் பெயராம். ஒரு பக்கம் மைக்கைச் செருகி, மறுபக்கத்தை லேப்டாப்போடு இணைத்துவிட்டால் குரல் மட்டும் துல்லியமாகப் பதியுமாம். அந்தத் துல்லியத்தை நம்பித்தான் இருதயநாதனின் மானம், மரியாதை, அடுத்த புதன்கிழமை நடக்க வேண்டிய டோனியின் கல்யாணம் எல்லாமே இருந்தன.

எதிரே சோபாவில் அவருடைய அக்கா அற்புதம்மாள் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. திருவானைக்காவலிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கே பஸ் மாறி எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறார். கையில் அவரே எழுதிய மணமக்கள் வாழ்த்துப்பா. பதினேழு சரணம். பக்கத்தில் அவர் கணவர் மார்ட்டின் பேப்பருக்குள் ஒளிந்திருந்தார்.

முப்பது வருஷமாக அந்தக் குடும்பத்தில் அக்கா பாடாமல் ஒரு கல்யாண கேக்கும் வெட்டப்பட்டதில்லை. குரலைப் பற்றிச் சொல்லக்கூடாது. சொல்லாமலும் கதை நகராது. சுருதி கிழக்கே போனால் அக்கா மேற்கே போவார். போன கல்யாணத்தில் மூன்றாவது சரணத்துக்குள் மண்டபமே பந்திக்கு எழுந்துவிட்டது.

"இந்தத் தடவை வேண்டாம்க்கா" என்று யார் சொல்வது? தாயில்லாத இருதயநாதனை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். அக்கா கண் கலங்கினால் இவருக்குச் சோறு இறங்காது.

டோனிதான் வழி கண்டுபிடித்தான். முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது. சுருதியை ஒரு சாப்ட்வேர் இழுத்துப் பிடித்துச் சரிசெய்துவிடும். பதினேழை நாலாக வெட்டி, ஸ்பீக்கரில் போட்டுவிடலாம். அக்காவிடம் சொன்ன காரணம் வேறு: "மண்டபத்துல எக்கோ அடிக்குதுக்கா. உன் தமிழ் ஜனங்களுக்குத் தெளிவா கேக்கணும்ல?"

"இது போன் சார்ஜர் ஒயருப்பா," என்றான் டோனி. ஒயரை மாற்றியதும் விளக்கு எரிந்தது. ஆனால் லேப்டாப்புக்குப் பெட்டியைத் தெரியவில்லை. டிரைவர் என்று ஏதோ ஒரு சாப்ட்வேரை இறக்கினான். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது. செய்தான். இதற்காகவே காத்திருந்த மாதிரி லேப்டாப் அப்டேட் போட ஆரம்பித்து, இருபத்தேழு சதவீதத்தில் நின்றுகொண்டது. முக்கால் மணி நேரம்!

"என்னடா, கஷ்டமா இருந்தா விட்டுருவோமா?" என்றார் அக்கா.

இருதயநாதன் அவசரமாக அக்காவின் கிட்டே வந்தார். சரிதான், கோவிச்சுக்கிட்டாங்க!

"ஐயோ, என்னக்கா இப்படிச் சொல்லிட்ட? உன் பாட்டு இல்லாம நம்ம வீட்டுல ஒரு கல்யாணமா!"

அக்கா பெருமூச்சு விட்டார். அப்டேட் முடிந்தது. மேடைப் பழக்கத்தில் மைக்கின் உச்சியில் வாயை வைத்துப் பாடினார். ஒன்றும் கேட்கவில்லை.

"அத்தை, இது பக்கவாட்டுல பாடுற மைக்கு."

பக்கவாட்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று இருதயநாதன் பெட்டியில் இருந்த ஒரு பட்டனை அமுக்கினார். ஸ்பீக்கரில் 'டமார்' என்று ஒரு சத்தம். மார்ட்டின் கையிலிருந்த பேப்பர் பறந்தது.

"மைக்குக்குக் கரண்ட் குடுக்குற பட்டன்ப்பா அது! சத்தத்தைக் குறைச்சுட்டுல்ல அமுக்கணும்?"

எப்படியோ மைக்குக்கு உயிர் வந்தது. இப்போது வேறு சங்கடம். அக்கா பாடுவது அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது. குரல் வந்து சேரட்டும் என்று அக்கா நிதானித்தார். அக்கா நிதானித்ததால் குரலும் நிதானமாக வந்தது. இவர் அதற்காக நிற்க, அது இவருக்காக நிற்க, முதல் சரணமே ஏழு நிமிஷம்.

"இப்படியே போனா டோனிக்குப் பொறக்கப்போற பையன் கல்யாணத்துக்குத்தான் முடியும்," என்று முனகினார் மார்ட்டின்.

டோனி செட்டிங்கில் எதையோ மாற்றினான். தாமதம் போயே போய்விட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு பதினேழையும் ஒரே மூச்சில் பாடி முடித்தார். லேப்டாப்புக்குப் பின்னால் குனிந்திருந்த அப்பாவுக்கும் மகனுக்கும் அப்பாடா என்றிருந்தது.

"போடுங்க, கேப்போம்," என்றார் அக்கா.

டோனி ஸ்பீக்கரில் போட்டான். பாட்டு எங்கோ கிணற்றுக்கடியிலிருந்து லேசாகக் கேட்டது. அதற்கு மேலே, காதோடு ஒட்டினாற்போல், இருதயநாதனின் கிசுகிசுப்பு:

"டேய், இந்தச் சுருதியை உன் சாப்ட்வேர் தாங்குமாடா?"

"கஷ்டம்ப்பா. நாலு சரணத்துக்கு மேல ரிஸ்க்கு."

"ஜனம் பந்திக்கு ஓடாம இருந்தா போதும்டா சாமி. அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது."

டோனி பாய்ந்து நிறுத்தினான். செட்டிங்கை மாற்றியபோது மைக்கும் மாறியிருக்கிறது. பெட்டியை விட்டுவிட்டு, லேப்டாப் தன் சொந்த மைக்கில் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தம்பியை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

தூக்கி வளர்த்த அக்காவை இப்படி நோகடித்துவிட்டோமே என்று இருதயநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. மார்ட்டினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாமா, நான் பாவி மாமா. அக்கா கால்ல விழுந்துடுறேன். நீங்கதான் எப்படியாவது சமாதானம் பண்ணணும்."

மார்ட்டின் பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார்.

"அழாதீங்க மாப்ள, அவ உள்ள பாயசம் வைக்கப் போயிருக்கா, நீங்க ஆசையா கூப்புடுறீங்களேன்னு முப்பது வருஷமா ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நடுங்கிக்கிட்டே பாடுறா, 'போதும்க்கா'ன்னு என் தம்பி ஒரு தடவை சொல்லிட மாட்டானான்னு அவ வேண்டாத மாதா கோயில் இல்ல!"