எண்பது ஜிபிக்காக மூண்ட போர்

நீடு வாழ்க மருந்துக்கடை வேந்தர்! மூக்கு நுனியில் கண்ணாடி தாங்கிய திருமுகத்தவரை, எத்தகைய டாக்டர் கிறுக்கலையும் ஒரே நோக்கில் வென்றடக்கும் கூர்விழியாரை, சீட்டில் பத்து என்றிருந்தால் பத்தையும் எண்ணிக் கையில் வைத்தாலன்றி எவரையும் படியிறங்க விடாத அளவு பிறழாச் செங்கையரைப் பாடுக, நாவே! மின்சாரத் தாயே, பாடி முடிக்கும்வரை நீயும் போய்த் தொலையாதே. ஏனெனில் ஞாயிற்றுக்கிழமை முழுதும் இவர் வீட்டுக் கணினியோடு பொருத பெரும்போர் இது.

அக்கணினியோ முன்னொரு காலத்தில் கடையில் பில் போட்டுப் புகழ்பெற்றது; புதியது வந்ததும் அரியணை இழந்து, வீட்டில் துணி மடிக்கும் மேசைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அதை ஆண்டவர் வேந்தரின் மனைவி. பார்வை மங்கிப்போன தம் அக்காவுக்காகத் தடித்த நாவலொன்றை அத்தியாயம் அத்தியாயமாக வாய்விட்டுப் படித்து, மைக்கில் பதிந்து, சிடியில் ஏற்றி அனுப்பிவந்தார். கடைசி அத்தியாயம் மட்டுமே பாக்கி. கதாநாயகி கப்பலேறினாளா இல்லையா என்று தெரியாமல் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் அவருக்குக் கண் ஆபரேஷன், அதற்குள் முடிவைக் கேட்டுவிட வேண்டும். இந்த நேரம் பார்த்து, ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்று கையை விரித்தது கணினி. சிடி கீறிப்போனால் மறுபடி அனுப்ப வேண்டுமே என்று, பழைய பதிவுகளில் ஒன்றைக்கூட அழிக்க மனைவி சம்மதிக்கவில்லை. பேருந்து ஓட்டும் மனைவியின் தம்பி மாலையில் அக்காவின் ஊருக்கு வண்டி எடுக்கிறான். சிடி அவன் கையில் போயாக வேண்டும்.

பொறுப்பாரோ வேந்தர்! கடைவீதிக்குப் படையெடுத்து, ‘எண்பது ஜிபி’ என்று நெற்றியில் பொறித்த புத்தம்புதிய டிஸ்கைக் கவர்ந்து வந்து, பெட்டியின் விலாவைத் திறந்து, கேபிள் பூட்டி, சுவிட்சைத் தட்டினார். திரை மலர்ந்தது. அதில் தெரிந்ததோ முப்பத்திரண்டே ஜிபி.

இது தாராளமாகப் போதும் என்று மைக்கைப் பக்கத்தில் இழுத்தார் மனைவி. வேந்தருக்கோ சினம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

“டிஸ்க் மேல எண்பதுன்னு போட்டிருக்கு. பத்து மாத்திரைச் சீட்டுக்கு நான் நாலு குடுத்து அனுப்புவேனா? எண்பதும் வராம எதுவும் நடக்காது,” என்று முழங்கிக் கணினியை அணைத்தார்.

கணினியையும் டிஸ்கையும் விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்து உலுக்கியபோது உண்மை வெளிப்பட்டது. அவ்வளவு பெரிய டிஸ்க் வரும் என்று எவரும் எண்ணிப்பாராத நாளில் பிறந்ததாம் அந்தக் கணினி; முப்பத்திரண்டு வரைதான் அதற்கு எண்ணத் தெரியுமாம்; அதற்கு மேல் கண்டால் மலைத்துப்போய் அப்படியே நின்றுவிடுமாம். அதனால்தான் டிஸ்கின் பின்புறக் கம்பிகளில் அரிசியளவு கறுப்பு மூடி ஒன்றைச் செருகி, அதை முப்பத்திரண்டு போல் நடிக்க வைத்திருக்கிறாராம். அந்த மூடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வேந்தர் கழற்றிவிட்டார்.

மூண்டது போர். மூடியிழந்த எண்பதைக் கண்ட கணினி, முதல் திரையிலேயே விறைத்து நின்றது. வேந்தர் அணைத்தார், போட்டார், நின்றது. கேபிளைப் பிடுங்கி மாற்றிச் செருகினார், நின்றது. தூசி தட்டினார், வாயால் ஊதினார், சாந்தமாகப் பேசிப் பார்த்தார், பின்னர் அதன் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். மின்னும் ஒற்றைக் கோட்டைத் தவிர அதனிடமிருந்து பதிலேதுமில்லை. யானைப்படையும் குதிரைப்படையும் திரண்டு வந்தாலும் கலங்காத அந்த மூதுருவின் முன்னே, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாய் வியர்த்து வழிந்தார் நம் வீரர். இதற்குள் சீருடையோடு வந்து சேர்ந்த தம்பி, மச்சான் கணினியைச் சரிசெய்கிறாரா சமாதி கட்டுகிறாரா என்று கேட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

மடியில் விரித்து வைத்திருந்த நாவலைப் பட்டென்று மூடினார் மனைவி.

“நான் ஒரு அத்தியாயத்துக்கு எடம் கேட்டேங்க. ராஜ்யமா கேட்டேன்? நாளைக்கு எங்கக்கா முடிவு தெரியாமலே ஆபரேஷனுக்குப் போகணுமா?”

மாத்திரைக் கணக்கெல்லாம் வேந்தருக்கு ஒரு கணத்தில் மறந்துபோனது. சரணடைவதென்று முடிவு செய்தார். ஆனால் சரணடைய அந்த மூடி வேண்டுமே! சட்டைப்பையில் இல்லை, மேசையில் இல்லை, மடித்த துணிகளுக்கிடையிலும் இல்லை. கடைவாசலில் கூட்டம் கைகட்டி நிற்கும் அந்தப் பெருமகனார், டார்ச்சைக் கையிலேந்தி, வயிறு தரையில் தேய, கட்டிலடியில் ஊர்ந்தார். மூன்று பொத்தான்களும் ஒரு ஹேர்பின்னும் மட்டுமே அவருக்கு அங்கே திறை செலுத்தின. கடைசியில் மச்சானின் முழங்கையில் ஏதோ கறுப்பாக ஒட்டியிருக்கிறதே என்று காட்டிக் கொடுத்தான் தம்பி.

மூடி தன் கம்பிகளில் மீண்டும் அமர்ந்தது. கணினி கண் விழித்தது. முப்பத்திரண்டு என்று அது சொன்னபோது, எண்ணிப் பழகிய அவ்வீரர் எண்ணாமல் தலையசைத்தார். பதிவில் இரைச்சல் விழாதிருக்க மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைச் சாத்தி, கதவோரம் காவல் நின்றார். மனைவி படித்தார், தம்பி கடிகாரத்தை மறந்தான், கப்பலேறாமல் கதாநாயகி துறைமுகத்திலிருந்து வீடு திரும்பிய இடத்தில் வேந்தர் மூக்கை உறிஞ்சிய ஓசையும் அந்த அத்தியாயத்தோடு சேர்ந்து பதிவாயிற்று. தம்பி சூடு ஆறாத சிடியை மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினான். அண்டம் அளக்கும் எண்பதுக்காகப் பகலெல்லாம் பொருது, முப்பத்திரண்டெனும் கோட்டைக்குள் ஒதுங்கி அரசாளத் துணிந்த நம் வேந்தர், வென்றெடுத்த நிலப்பரப்பில் எவ்வளவு செலவாயிற்று என்று திரையருகே மெல்லக் குனிந்து பார்த்தார்.

அந்த அத்தியாயம் பதினெட்டு எம்பி வந்திருந்தது.