காலம் தெரியாத கல்யாணம்

அரெகிப்பா,
வியாழக்கிழமை

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய ஹசிந்தா அக்காவுக்கு,

தம்பி ஆபெலார்தோ எழுதுவது. மோக்கேகுவாவில் நீயும் அத்தானும் உங்கள் கோழிகளும் சுகமாயிருக்க ஆண்டவர் அருளட்டும். இங்கே யாருக்கும் தூக்கமில்லை.

இக்கித்தோஸ் பக்கம் ஆற்றோர ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் நம் நெலிதா, திங்களன்று செல்போனில் இரண்டே சொல் அனுப்பினாள்: "நோஸ் காஸாமோஸ்". அவளும் அந்தப் படகு மெக்கானிக் தெல்ஃபினும்தான், வேறு யார். ஆனால் கல்யாணம் பண்ணிக்கொள்கிறோம் என்கிறாளா, பண்ணிக்கொண்டோம் என்கிறாளா? கூப்பிட்டால் அங்கே சிக்னல் இல்லை. உன் தம்பி பெண்டாட்டி ஓல்கா அடுப்படியிலிருந்து வந்து, "ஆயுசு முழுக்க இலக்கணம் சொல்லிக்குடுத்தீங்களே, இது நடந்துச்சா, நடக்கப்போகுதா?" என்றாள். நான் என்ன செய்வேன் அக்கா, நம் ஸ்பானிஷில் 'ஆர்' என்று முடிகிற வினைகளுக்கு 'நாங்கள்' வரும்போது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் உருவம் ஒன்றுதான், 'நேற்று', 'நாளை' என்று பக்கத்தில் ஒரு சொல் இருந்தால் காலம் தெரிந்துவிடும் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன், பெற்ற மகள் அந்த ஒரு சொல்லைத்தான் மிச்சம் பிடித்துவிட்டாள். நடந்துவிட்டதென்றால் நான் கோபப்பட வேண்டும், நடக்கப்போகிறதென்றால் பன்றி வாங்க வேண்டும், இரண்டையும் செய்துவிட்டேன். பாதிரியாரிடம் போய்த் தேதி கேட்டேன், கல்யாணமா என்றார், ஆகியிருந்தாலும் ஆகியிருக்கும் என்றேன், ஒரு மாதிரி பார்த்தார். ஓல்கா என் கறுப்புக் கோட்டை அகலப்படுத்தித் தைக்கிறாள், தைத்துக்கொண்டே, சொல்லாம கட்டிக்கிட்டாளே என்று அழுகிறாள். அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமில்லை, போன தடவை வந்தபோது யாரும் கேட்காமலே நம் குழாயைச் சரிசெய்தவன். கோவிலில் அவள் கையைப் பிடித்து நடந்துபோகிற அந்தக் கொஞ்ச தூரம் எனக்குக் கிடைக்குமா, கிடைக்காதா, அதுதான் அக்கா.

எதற்கும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. அத்தானின் இடுப்புவலியை மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தம்பி,
ஆபெலார்தோ

பி.கு.: உறையை ஒட்டுமுன் நெலிதா வந்துவிட்டாள். தனியாக. அவள் அனுப்ப நினைத்தது 'காஸாமோஸ்' இல்லையாம், 'கான்ஸாமோஸ்' ஆம். அவசரத்தில் ஓர் எழுத்து விட்டுப்போனதாம். கல்யாணமே இல்லை அக்கா, ஒருவருக்கொருவர் சலித்துப்போயிற்றாம். ஓல்கா கல்யாணப் பன்றியில் அடோபோ குழம்பு சமைத்துப் போட்டாள். பிள்ளை இரண்டு தட்டு சாப்பிட்டாள். பிறகு நான் மெதுவாக, "சலிச்சே போச்சாம்மா, இல்ல இப்போதைக்குச் சலிப்பா?" என்றேன். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அதுவும் 'ஆர்'ல முடியுற வினைதானேப்பா" என்றாள்.

மீதிப் பன்றியை உப்புப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.