எங்கள் சுவரில் ஏறிய சேவல்

விழுப்புரம்,
12-3-1962

திண்டிவனம் அனந்தநாத நயினார் அவர்களுக்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஜம்புகுமார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி பத்மாம்பாளும் மகள் குசுமாவும் உடல் நலத்தோடு இருக்கிறோம். மன நலம் நேற்று மாலை நாலு மணி வரை இருந்தது. தாங்கள் குடும்பத்தோடு நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்று அறிய ஆவல்.

நேற்று குசுமாவைப் பெண் பார்க்க வந்த தாங்கள், வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டீர்கள். தங்கள் மகனின் புகைப்படம் இன்னும் அவள் தையல் பெட்டியில் இருக்கிறது. ஆகவே விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். குழப்பம் வராமலிருக்க வரிசைப்படுத்துகிறேன்:

1. எங்கள் சுவருக்குச் சேவல் வந்த விதம்.
2. அதை நான் அழிக்காத காரணம்.
3. அதற்குப் பதிலாக நான் செய்த ஏற்பாடு.
4. தாங்கள் திரும்பியது அந்தச் சேவலைக் கண்டுதான் என்பது.
5. வேண்டுகோள்.

(மூன்றாவதை இரண்டாவதாக வைத்திருக்கலாமோ என்று ஐயம். இருக்கட்டும்.)

மூன்று வாரம் முன்பு மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போய் இரண்டு நாள் தங்கித் திரும்பினால், தெருவைப் பார்த்த எங்கள் மதில் சுவரில் ஆள் உயரச் சேவல் ஒன்று நிற்கிறது. பின் சந்தில் மிலிட்டரி ஓட்டல் நடத்தும் துரைக்கண்ணுவின் விளம்பரம். ‘சுடச்சுடக் கோழிக் குழம்பு’ என்று எழுதி அம்புக்குறியும் போட்டிருந்தது. சந்தைக் காட்ட வேண்டிய அம்பு, இடம் போதாமல், எங்கள் வாசற்படியைக் காட்டியது. தங்கள் குடும்பத்தைப் போலவே முட்டையைக்கூட உள்ளே விடாத ஜைன வீடு இது. அன்றைக்கே ஒரு லாரி டிரைவர் நேரே உள்ளே வந்து, கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து, “ஜல்தியா போடும்மா, வண்டி நிக்குது” என்றார். போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்மாம்பாள் சோறும் பருப்பும் போட்டாள். எல்லாம் சாப்பிட்டுவிட்டு, “கோழி எப்ப வரும்?” என்று கேட்டார்.

மறுநாள் நகரசபை ஆய்வாளர் முருகையன் நோட்டீசோடு வந்தார். அனுமதியில்லாத விளம்பரமாம்.

“சேவல் என்னுது இல்லிங்க” என்றேன்.

“சேவலு யார்தா இருந்தா எனக்கென்னாங்க? செவுரு யார்து?”

“செவுரு என்னுதுதான்.”

“அப்ப நோட்டீசும் உங்களுதுதான்.”

நானே சுண்ணாம்பு அடித்துவிடுகிறேன் என்றதும் பதறிவிட்டார். “ஐயையோ! எழுதினவன்தாங்க அழிக்கணும். அடுத்தவன் எழுத்துல கை வச்சா அது வேற கேசு ஆய்டும்.” இப்படி ஒரு விதி உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கத் துணியவில்லை. துரைக்கண்ணுவிடம் போனேன். “பேஜாரு பண்ணாதீங்க நயினாரே. பெயிண்டரு திருவெண்ணெய்நல்லூர்ல வேல பண்ணிக்கினு இருக்கான். வந்ததும் அழிச்சிடுறேன்” என்றார். அதற்குள் சாப்பிட வருகிறவர்கள் கூட்டம் தாங்காமல், சேவலின் காலடியில் நானே கறுப்பு மையால் எழுதி வைத்தேன்: ‘சாப்பிட வருபவர்கள் உள்ளே வர வேண்டாம். இங்கே சாப்பாடு கிடையாது. இப்படிக்கு, வீட்டுக்காரர்.’ கையெழுத்து நன்றாகவே அமைந்தது. “இதுவும் வெளம்பரந்தான?” என்று முருகையன் அதற்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்தார். இரண்டையும் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சேவலின் முகத்தில் விழிக்க மனமில்லாமல் பத்து நாளாகப் பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறேன்.

நேற்று, பொழுது சாய்வதற்குள் தாங்கள் உண்ண வேண்டுமே என்று, நாலு மணிக்கெல்லாம் சமையல் முடிந்துவிட்டது. வண்டி நின்ற சத்தம் கேட்டு, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு தாழ்ப்பாளில் கை வைத்தேன். வெளியே தங்கள் துணைவியார், “பாத்தீங்களா செவுத்த? நல்லா இருக்குது லட்சணம்! இதுக்கா பஸ் ஏறி வந்தோம்? வண்டியத் திருப்புப்பா” என்றது காதில் விழுந்தது. கதவைத் திறந்தேன், வண்டி தெருமுனையில் இருந்தது. வெட்கத்தால் படி இறங்கவில்லை. கோழிக் குழம்பு விற்கும் வீட்டில் யார் சம்பந்தம் செய்வார்கள்? தங்கள் மீது எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. வேண்டுகோள் ஒன்றுதான்: யாரோ எழுதிய சேவலுக்காக எங்கள் பெண்ணை ஒதுக்கிவிட வேண்டாம். நேற்றிலிருந்து அவள் பேசவில்லை.

அருகன் அருளால் தங்கள் இல்லத்தில் விளைச்சலும் மகிழ்ச்சியும் குறையாதிருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஜம்புகுமார்

பின்குறிப்பு: தபால் பெட்டி முன்தெருவில் இருப்பதால் இன்று முன்வாசல் வழியாகப் போனேன். சுவரில் சேவல் இல்லை. நேற்றுக் காலையே துரைக்கண்ணு ஆள் விட்டு வெள்ளையடித்துவிட்டாராம். பளிச்சென்ற சுவரின் நடுவே, சுற்றிலும் அளவெடுத்து விட்டதுபோல், என் எழுத்து மட்டும் நிற்கிறது. “இத ஏம்பா விட்டுட்டே?” என்று துரைக்கண்ணுவிடமே போய்க் கேட்டேன். “உங்க எழுத்துல நாங்க கை வைக்கலாமா நயினாரே? வேற கேசு ஆய்டாது?” என்கிறார். விருந்துக்கு அழைத்துவிட்டு, வாசலில் அப்படி எழுதி வைத்தவன் நானே. பஸ் திண்டிவனம் சேர்வதற்குள் இருட்டியிருக்கும். இருட்டிய பின் உண்ணாத தாங்கள் அனைவரும் வெறும் வயிற்றோடு படுத்திருப்பீர்கள். கடிதத்தைத் திரும்ப வீட்டுக்கு எடுத்து வந்து விஷயத்தைச் சொன்னேன். குசுமா சிரித்தே விட்டாள். சுண்ணாம்பு வாளியைத் தூக்கி வந்து, “எழுதினவர்தாம்பா அழிக்கணும்” என்று வெள்ளையடிக்கும் மட்டையை என் கையில் கொடுத்தாள். அழித்துவிட்டேன். வரும் ஞாயிறு நாலு மணிக்கு அவசியம் வாருங்கள். மேலே நான்காவதாகச் சொன்னது தவறு. இங்கே சாப்பாடு உண்டு.