முட்டை அட்டை ஒட்டிய அறை

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் ஒலியியல் கற்பித்த ஒருவன், அடுத்த வீட்டுச் சத்தத்தைத் தடுக்கத் தன் அறைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டினான் என்று யாரேனும் சொன்னால், அவனிடம் படித்த மாணவர்களுக்காக நான் இரங்குவேன். அம்மாணவர்கள் இன்று பல ஊர்களில் பொறுப்பான பதவிகளில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் இக்கட்டுரை படாதிருக்கட்டும். ஒட்டியவன் நான்.

சத்தத்தைத் தடுப்பது எடை. கனமான சுவர் தடுக்கும். அட்டையும் பஞ்சும் அறைக்குள் எழும் எதிரொலியை மட்டுமே விழுங்கும். இதை விடைத்தாளில் மாற்றி எழுதியவர்களுக்கு இரக்கமின்றிப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். (எனக்குப் போட அப்போது யாரும் இல்லை.)

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு, பாகப்பிரிவினையின்போது நடுவே ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கப்பட்டது. கோபத்தில் கட்டிய சுவராதலால் மெல்லியது. மறுபாதியில் ரயில்வே ஊழியர் ஒருவரின் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது: அவர் மனைவி கோமதி, இரண்டு பிள்ளைகள், காது மந்தமான மாமியார். அந்த அம்மாளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தொலைக்காட்சித் தொடரில் அழுகிறவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டிலும் அழுவார்கள். என் மனைவி வேதவல்லி இருந்தவரை அது எனக்குத் தொந்தரவாகத் தோன்றியதில்லை. யார் எதற்காக அழுகிறார்கள் என்பதை அவள் விளக்கிவிடுவாள்.

அவள் போனபோது பதின்மூன்று நாள் அந்தப் பக்கம் மூச்சுக் காட்டவில்லை. மறுநாள் காலையில் மிக்ஸி ஓடிற்று. அதில் குற்றம் ஒன்றுமில்லை; சட்னி அரைத்தார்கள். ஆயினும் உலகம் தன்பாட்டுக்கு நடப்பதை அவ்வளவு அருகிலிருந்து கேட்க எனக்கு இயலவில்லை.

வேறொரு தேவையும் இருந்தது. வேதவல்லியிடம் பேச வேண்டியிருந்தது. மனத்துக்குள் பேசிப் பார்த்தேன், போதவில்லை. வாய்விட்டுப் பேசுவதென்றால் எவர் காதிலும் விழாத ஓர் அறை வேண்டும். படித்தவன் தனியே பேசுகிறான் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதை அறிந்த வயது எனக்கு.

கைபேசியில் கண்ட காணொளி ஒன்று வழிகாட்டிற்று. தென்னூர் முட்டைக் கடை ஒன்றில் காலி அட்டைகளை வாங்கி, ஆட்டோவில் அடுக்கி, பட்டப்பகலில் எங்கள் தெருவுக்குள் வந்து இறங்கினேன். முட்டை என்ற சொல்லையே தாழ்ந்த குரலில் உச்சரிக்கும் தெரு அது. எதிர்வீட்டு வரதன் ஸ்வாமி வாசலுக்கே வந்துவிட்டார்.

"அட்டையெல்லாம் சரி ஸ்வாமி. உள்ள இருந்ததை எங்கே இறக்கினேள்?"

"இது ஒலித்தடுப்புக்கு."

"ஓஹோ! இப்போ அதுக்கு அப்படி ஒரு பேரா?"

(அவர் மனைவி அதன்பின் எங்கள் வீட்டுக்குப் பிரசாதம் கொடுத்தனுப்பச் சில வாரம் யோசித்தாள் என்று பின்னர் அறிந்தேன்.)

அட்டைகளை ஒட்டி முடித்து அறை நடுவே நின்று கைதட்டினேன். ஓசை பிறந்த இடத்திலேயே மடிந்தது. அது எதிரொலி மடிந்ததேயன்றி வேறல்ல என்று முதலாண்டு மாணவனும் சொல்லியிருப்பான். ஆனால் அன்று மாலை வேதவல்லியிடம் வாய்விட்டு இரண்டு வார்த்தை பேசிப் பார்த்து நிமிர்ந்தபோது உண்மையாகவே தொலைக்காட்சி கேட்கவில்லை. பிள்ளைகளின் சண்டை கேட்கவில்லை. நான் வென்றுவிட்டேன். பெங்களூரில் இருக்கும் மகள் மைதிலியை உடனே கைபேசியில் அழைத்தேன்.

"நெஜமாவே ஒண்ணும் கேக்கலையாப்பா?"

"ஒரு பொட்டுச் சத்தம் இல்லேம்மா. அந்தண்டை இருக்கறது மனுஷாளே இல்லை, சந்தைக் கூட்டம். நாகரிகம்னா என்னன்னே தெரியாது. இனிமே எவ்வளவு வேணும்னாலும் கத்தட்டும்."

அன்றிலிருந்து மாலைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு வேதவல்லியிடம் பேசினேன். வரதன் ஸ்வாமியின் கிண்டலைச் சொன்னேன். அவள் புடவைகளை என்ன செய்வது என்று கேட்டேன். பேச முடியாத சில மாலைகளும் இருந்தன. அவற்றைப் பற்றி இங்கே விவரிப்பது முறையன்று.

ஒருநாள், மைதிலி வருவதற்குள் சமையலில் தேறிவிட வேண்டும் என்று வேதவல்லியின் வத்தக்குழம்பைச் செய்து பார்த்தேன். தட்டோடு அறைக்குள் வந்து அமர்ந்து ஒரு வாய் உண்டேன். நாக்கு சுருண்டது.

"வேதா, இது ஏன் இப்படிக் கசக்கறது?"

சுவர் பதில் சொல்லிற்று.

"வெந்தயம் கருகிருச்சு சார். வாடை இங்க வரைக்கும் வருது. அடுப்பை சிம்ல வச்சுட்டுத் தாளிங்க."

தட்டு என் மடியில் கவிழ்ந்தது. இயற்பியல் கற்றவன் ஒரு கணம் எதையெல்லாம் நம்பினான் என்பதைச் சொல்ல மாட்டேன். அதற்குள் காது மந்தமான அந்த அம்மாளின் குரல், தான் மெதுவாகப் பேசுவதாக எண்ணி, தெருமுனை வரை எழுந்தது:

"ஏன்டி வாயத் தொறந்த? அவரு பேசி முடிக்கட்டும்னுதானே டிவிய அமத்திட்டு, புள்ளைங்கள மாடிக்கு வெரட்டிட்டு உக்காந்திருக்கோம்!"

என் கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

வேட்டியை மாற்றிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றேன். கோமதிதான் முதலில் பேசினாள்.

"ஒட்டுக் கேக்கலைங்க சார். சத்தியமா. முதல் நாளே உங்களுக்குத் தெரியப்படுத்தலாம்னு நெனைச்சேன். அப்புறம் நீங்க வேதாம்மாகிட்ட பேசுறதை நிறுத்திருவீங்களேன்னு விட்டுட்டேன்."

"நான் மைதிலிகிட்டச் சொன்னதும்..."

"கேட்டுச்சுங்க."

மாமியார் உள்ளிருந்து வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சந்தைக் கூட்டம்னு மககிட்டச் சொல்லுங்க, பரவாயில்ல. வேதாம்மாகிட்டச் சொல்லிறாதீங்க சார். எங்க மேல பிரியமா இருந்துட்டுப் போனாங்க. இப்பப் போயி எங்களப் பத்திக் கோள் மூட்டாதீங்க."

நான் தலைகுனிந்து நின்றேன். ஏனெனில் அதையும் ஏற்கெனவே செய்திருந்தேன். அதுவும் அவர்கள் காதில் விழுந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். "அவகிட்டயும் திருத்திச் சொல்லிடறேன்" என்றேன். அதைத் தவிர அந்த அம்மாளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. "அப்ப சரி" என்று உள்ளே போய்த் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டார். கோமதி ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். அது கசக்கவில்லை.

அன்று மாலையே வேதவல்லியிடம் திருத்திச் சொன்னேன், சற்று உரக்கவே.

இக்கதை மைதிலிக்கு எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. (கோமதியும் அவளும் கைபேசியில் பேசிக்கொள்கிறார்கள் என்பது என் ஐயம்.) இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்கு எது மறந்தாலும், அது சாவியானாலும் சரி, சாம்பார்ப் பொடியின் அளவானாலும் சரி, "சுவத்தைக் கேளு" என்கிறார்கள். நான் கேட்கத்தான் செய்கிறேன்; பெரும்பாலும் சரியான விடை கிடைக்கிறது. அவர்களைப் பற்றி வேதவல்லியிடம் ஏதேனும் குறை சொல்ல வேண்டியிருந்தால் மட்டும், மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன்.