எசேக்கியா ராஜாவின் பக்கம்

கோஹுங்,
பூண்டு பிடுங்குவதற்கு முந்தின வாரம்

தெகூவிலிருக்கும், கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

உங்கள் முட்டிவலியும் அத்தானின் இருமலும் தேவகிருபையால் தணிந்திருக்கும் என்று நம்பி, தம்பி தாக் யோங்மான் பணிந்து எழுதுவது. கூடிய சீக்கிரம் நான் சாகப்போகிறேன் என்பதைத் தவிர, இங்கே யாவரும் சுகம்.

பதறாதீர்கள். தினமும் காலையில் கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் விழுந்த வசனத்தை அன்றைய கட்டளையாக எடுத்துக்கொள்வது என் வழக்கம் அல்லவா? ஈஸ்டருக்கு மறுநாள் விரல் எசேக்கியா ராஜாவின் மேல் விழுந்தது. வீட்டை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்கமாட்டாய் என்றிருந்தது. படாரென்று மூடிவிட்டேன். மறுநாளும் அதே பக்கம். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரி மால்சுக்கைத் திறக்கச் சொன்னேன். முள்ளங்கி நறுக்கிய ஈரக்கையோடு திறந்தாள், அதே பக்கம்! "ஹியோனா அப்பா, ராஜாவுக்கு வந்த சேதியை நீங்க ஏன் வாங்கிக்கிறீங்க? நீங்க ரிட்டயரான பஸ் டிரைவர்" என்றாள். சொன்னாளே தவிர, மீதி முள்ளங்கியை அன்று அவள் நறுக்கவே இல்லை.

போதகரிடம் ஓடினேன். "ஐயா, வேதம் என்ன சீட்டுக் குலுக்குற டப்பாவா? ஒத்த வரியைப் பிடுங்கி எடுத்தா பயமாத்தான் இருக்கும். முன்னாடி பின்னாடி படிங்க" என்று சிரித்தார். அதற்கு மேல் ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன் என்றேன். சமாதானப்படுத்துவதற்காக, அவரே புத்தகத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்தார். அது மெல்ல, யாரோ பிரிப்பதுபோல, அதே பக்கத்தில் விரிந்தது. போதகர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "எதுக்கும் டாக்டரைப் பாருங்க" என்றார்.

டாக்டர் எனக்கு ஒன்றுமில்லை என்றார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உழவு இயந்திரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அடக்கத்தன்று பெட்டிக்கு முன்னால் வைக்கிற படத்தையும் எடுத்துக்கொண்டேன், சிரிக்கச் சொல்லி ஸ்டுடியோக்காரன் உயிரை வாங்கினான். படைப்பின் ஆறு நாள் பற்றிய தர்க்கத்தில் பதினொரு வருஷமாக முகங்கொடுக்காத மூப்பர் குக்கிடம் மன்னிப்புக் கேட்கவும் போனேன். "மூப்பரே, சாவு கிட்ட வந்துடுச்சு, மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க" என்றேன். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் குரல் என் காதைவிட்டுப் போகவில்லை.

ஆகையால் அடக்கத்துக்கு வரும்போது குடை கொண்டுவாருங்கள், இங்கே மழைக்காலம் முந்திக்கொள்ளும் போலிருக்கிறது. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் நீடித்த ஆயுசைத் தருவாராக.

அன்புத் தம்பி,
யோங்மான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மால்சுக் கத்தினாள். நான் படிக்க மறுத்த மிச்சத்தை அவள் படித்துவிட்டாள். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறான், கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுக்கிறார். அந்த இடத்தின் ஓரத்தில் பென்சிலால், "பதினைந்து வேண்டாம் ஆண்டவரே. பேத்தி தாத்தா என்று கூப்பிடும்வரை போதும்" என்று எழுதியிருக்கிறது. எனக்கேது பேத்தி? சபையில் எல்லாருக்கும் கொடுத்த கறுப்பு மேலுறையை வேதத்திலிருந்து கழற்றினால், முதல் பக்கத்தில் குக் தோங்ஹ்வான் என்று பெயர். ஈஸ்டர் விருந்தில் வேதம் மாறிப்போயிருக்கிறது. அவர் தினமும் திறந்து திறந்து, அந்தப் பக்கத்தில் முதுகே மடங்கிவிட்டது.

மூப்பர் வீட்டுக்கு ஓடினேன். "பிப்ரவரியிலிருந்து. ஈரல்" என்றார். "யார்கிட்டயும் சொல்லலை. உட்காருங்க, அந்த அதிகாரம் முழுசையும் நீங்க படிங்க. எனக்கு எழுத்து கலங்குது." சத்தமாக வாசித்தேன். பதினைந்து வருஷம் என்ற இடத்துக்கு வந்தபோது, தரையில் கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்த அவருடைய பேத்திக் குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்து, "தாத்தா" என்றது.

"அது ஏப்பம்தானே?" என்று கிசுகிசுத்தார் குக்.

"ஏப்பம்தான்" என்றேன்.

குழந்தை சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னது.