பதினெட்டு இடங்களில் ரத்தம்

அன்புள்ள இளைய சகலைக்கு,

இங்கு என் ஈறுகளைத் தவிர அனைவரும் நலம். உங்கள் வீட்டில் ஈறுகள் உட்பட அனைவரும் நலம் என்று கேள்விப்பட்டேன். வருத்தம்தான்.

ஐம்பது வயதில் பல்லுக்குக் கம்பி கட்டும் யோசனை என்னுடையது. மறுவாரமே நீங்களும் அதே மருத்துவரிடம் போய்க் கட்டிக்கொண்டீர்கள். பொறுத்துக்கொண்டேன். நான் மூக்குக்கண்ணாடி போட்டபோதும் இதையேதான் செய்தீர்கள். ஆனால் முதல் பரிசோதனையில் மருத்துவர் உங்களிடம், "ஈறு ரோஸ் கலர்ல அழகா இருக்கு சார்" என்றாராம். அதை உங்கள் மனைவி தன் அக்காவிடம் சொல்ல, அக்கா என்னிடம் சொன்னாள். மூன்று வேளையும் சொன்னாள்.

என் ஈறோ மூன்றாம் வாரமே சிவந்து தடித்துவிட்டது. மருத்துவர், "பல் நகரணும்னா வேரைச் சுத்திக் கொஞ்சம் அழற்சி வந்தே ஆகணும் சார், பயப்படாதீங்க" என்றார். அவர் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்கவில்லை. முதுகலை படித்தவன் அல்லவா, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அழற்சிக்கே பல் நகரும் என்றால், நிறைய அழற்சிக்கு ஓடும். உங்களை முந்திவிடலாம். அன்றே பல் துலக்குவதை விட்டேன். பத்து நாள்.

நேற்று உதவியாளப் பெண் ஊசி போன்ற ஒரு கருவியால் பல்லோரமாகத் தொட்டுத் தொட்டு உரக்கச் சொல்ல, இன்னொருத்தி எழுதினாள். "ரத்தம். ரத்தம். இங்கயும் ரத்தம்." பதினெட்டு இடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு எத்தனைங்க?" என்று விசாரித்தாள். "போன தடவை பாத்தப்ப அவருக்கு ஒண்ணுகூட இல்லம்மா." இவளோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்!

மருத்துவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "உள்ள வர்ற அழற்சிதான் சார் பல்லை நகர்த்தும். இது அழுக்கு சேர்ந்து வந்த வீக்கம். பல்லுக்குப் பிடிமானமே போயிடும்" என்று சொல்லி, வீக்கம் வடியும்வரை கம்பியைக் கழற்றிவிட்டார். இனி ஒரு மாதம் நான் நின்ற இடத்திலேயே நிற்பேன், நீங்கள் போய்க்கொண்டே இருப்பீர்கள். அடுத்த குடும்பப் படத்தில் நீங்கள் முப்பத்திரண்டும் தெரியச் சிரிப்பீர்கள், நான் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பேன். ஆகவே கேட்கிறேன்: கொஞ்சமாவது நியாயம் தெரிந்தவராக இருந்தால், நீங்களும் ஒரு மாதம் கம்பியைக் கழற்றிவைத்துவிட்டு எனக்காகக் காத்திருங்கள்.

மற்றபடி எனக்கு யார் மேலும் எந்த மனத்தாங்கலும் இல்லை. பிள்ளைகளுக்கு என் ஆசிகள்; அவர்களையாவது ஒழுங்காகப் பல் துலக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சகலை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மனைவி அக்காவைக் கூப்பிட்டு அழுதாள். என் உத்தியைக் கேள்விப்பட்டு நீங்களும் ஒரு வாரமாகத் துலக்குவதில்லையாமே! உங்கள் கம்பியையும் மருத்துவர் இன்று கழற்றிவிட்டாராமே! மேலே கேட்டது எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் உங்களுக்கு இருபத்தாறு இடத்தில் ரத்தம் என்கிறாள். இதிலுமா சகலை?