அதுவே பார்த்துக்கும்

"இன்னா சார், மொட்டமாடி சொவுத்துல ரெண்டே ரெண்டு டைலு?" என்று கேட்டார் சிவந்தி அக்கா. எங்கள் தண்டையார்பேட்டை ஆய்வகத்தைப் பெருக்கித் துடைப்பவர்.

"இடது பக்கத்தைத் தொடவே கூடாதும்மா. அதுல என் பூச்சு இருக்கு. வெயில் பட்டா அதுவே அழுக்கைத் தின்னுடும். மழை பெஞ்சா அதுவே குளிச்சிடும்" என்றார் பிராங்கிளின் சார்.

"எங்கூட்லயும் ஒண்ணு கீது சார். துன்றதோட சரி, குளிக்கிறதில்ல. வலது பக்கத்துது?"

"அது சும்மா டைல். ஒப்பிட்டுப் பார்க்க வெச்சிருக்கேன். பூச்சு கிடையாது."

"ஐய, பாவம்" என்றார் சிவந்தி அக்கா.

வாசகரே, இப்போது ஓர் இனத்தை அறிமுகம் செய்கிறேன். 'அதுவே பார்த்துக்கும்' இனம். துறைமுகப் புகையும் எண்ணூர்க் கரியும் லாரித் தூசியும் கூடி, காலையில் வெள்ளையாகக் காயப்போட்ட சட்டையை மாலையில் சாம்பல் நிறமாகத் திருப்பித் தரும் எங்கள் வட்டாரத்தில், கண்ணுக்குத் தெரியாத டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்களைக் கரைசலாக்கி, முதலில் கண்ணாடித் துண்டில் பூசி, பிறகு ஜன்னலில், ஹெல்மெட்டில், டிபன் பாக்ஸ் மூடியில், மனைவி ஜானட் ஏமாந்த நேரம் சமையலறைச் சுவரில் என்று பூசிக்கொண்டே போய், பூசிய எதையும் யாரும் துடைத்துவிடாமல் காவல் நிற்பவர் பிராங்கிளின் சார். துடைத்தால் சோதனை கெட்டுவிடுமாம்.

டீ குடித்த கோப்பையையும் பூசி ஜன்னலோரம் வைப்பார். மூன்றாம் நாள் அதில் ஏதோ முளைத்திருக்கும். "வெயில் பத்தல" என்பார். அது சித்திரை மாதம்.

ஜானட் ஒருநாள் போனில் கேட்டது என் மேசை வரை கேட்டது: "மீன் சட்டிக்கு எப்போ பூசப்போற? நானும் கழுவாம காத்துகினு தான் கீறேன்."

ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டுக் குழு வந்தது. இடது டைல் வெளுத்திருந்தால் ஆய்வு இன்னும் மூன்று ஆண்டு ஓடும். இல்லையென்றால் அன்றே மூடுவிழா. சாருக்கும் அவர் உதவியாளரான எனக்கும் வேலை போய்விடும். இந்த ஆறு மாதத்தில் சார் ஒருமுறைகூட மாடி ஏறிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அதுதான் பார்த்துக்கொள்ளுமே. நானும் ஏறவில்லை.

குழுவினர் கீழே டீ குடித்துக்கொண்டிருக்க, நாங்கள் மாடிக்கு ஓடினோம். வலது டைல் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. இடது டைலில் மழை காணாத ஆறு மாதக் கரி. பக்கத்தில் வாளியும் துணியுமாகச் சிவந்தி அக்கா, பெருமை தாங்காமல் நின்றார்.

"அதுக்கு உன் பூச்சு கீது சார், பார்த்துக்கும். இதுக்கு யாரு கீறாங்க? டெய்லி நாந்தான் தொடச்சிகினு இருந்தேன்."

நீங்கள் சிரிக்கலாம். ஆனால், சாப்பிட்ட தட்டில் தண்ணீரை ஊற்றி 'ஊறட்டும்' என்று எழுந்து போகிறவராக இருந்தால், கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள். இந்த இனத்தில் உங்களுக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறோம்.

படிக்கட்டில் காலடிகள் கேட்டன. பிராங்கிளின் சார் சலவை மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். குரல் மிகவும் பணிவாக இருந்தது.

"ஷைனி, இந்தப் பக்கத்து அழுக்கைத் தொடச்சு, அந்தப் பக்கம் பூசிடறீங்களாம்மா?"